பங்குனி விருந்தும் பால் தவிர்ப்போரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குன்றக்குடிப் பங்குனி உத்திரம் முதல் சித்திரை முதல் நாள் வரை எங்கள் வட்டாரத்து வீடுகளில் சைவ விருந்துக்குக் குறைவில்லை. ஆனால், வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளுள் சிலர் பால், தயிர், நெய் ஆகியவற்றையும் விலக்கும் நனிசைவத்தைக் கைக்கொண்டிருப்பதால், சைவ இலையிலிருந்தும் அவர்கள் அரை வயிற்றோடு எழுவதைக் கண்டு வருந்துகிறேன்.

இதற்காகப் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. அரிசி களைந்த நீரில் புளி கரைத்து வைக்கும் வெண்டைக்காய் மண்டி, வேப்பம்பூவும் வெல்லமும் சேர்ந்த மாங்காய்ப் பச்சடி, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்ட பானகம் ஆகியவற்றில் இயல்பாகவே பால்பொருள் இல்லை. பால் பணியாரத்தைத் தேங்காய்ப்பாலில் ஊறவிடுவதும் பழைய வழக்கந்தான். கவுனி அரிசியை முதல்நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் குழைய வேகவிட்டு, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் கலந்தபின், நெய் ஊற்றுவதற்கு முன் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைத்தால் போதும்; துருவலைச் சற்றுக் கூட்டிப் போட்டால் நெய்யில்லாத குறையே தெரியாது என்பது என் அனுபவம். பருப்புக்கும் அப்படியே, நெய்யை அடுப்படியிலேயே கலக்காமல், இலையில் கேட்டு ஊற்றலாம். முந்திரியை நெய்யில் வறுத்துக் கொட்டிவிடுவதுதான் பலரும் மறக்கும் இடம். அதற்குத் தேங்காயெண்ணெயே போதுமானது.

கோயில் அன்னதானப் பந்திகளிலும், எந்தெந்தப் பதார்த்தத்தில் நெய்யோ மோரோ சேர்ந்துள்ளது என்பதைப் பரிமாறுவோருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்குமாறு உபயதாரர்களையும் சமையற்காரர்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, காரைக்குடி.