ஒரே கருப்பொருளில் மூன்று வாரம்

அன்பு மகளுக்கு,

சுங்கை சிப்புட்டில் எல்லாரும் நலம். உன் வகுப்பு ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் கடகடவென்று வாசித்துவிட்டு, என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பாடநூலின் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு கருப்பொருள் இருக்கிறது, சரி. ஆனால் இந்த வாரம் சுகாதாரம், அடுத்த வாரம் போக்குவரத்து என்று ஓடினால் எந்தச் சொல்லும் பிள்ளைகளிடம் தங்காது. ஒரே கருப்பொருளில் மூன்று வாரம் இருந்து பார். 2021-இல் ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வை நீக்கிய பிறகு அதற்கு இடமும் இருக்கிறது.

ரப்பரையே எடுத்துக்கொள். நீ இருக்கும் குளுவாங்கில் இப்போது சுற்றிலும் செம்பனைதான். ஆனாலும் பால்மரம் வெட்டிய, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்த, தாத்தா பாட்டி பல வீடுகளில் இருப்பார்கள். முதலில், 1877-இல் நம் கோலகங்சாரில் நட்ட 9 கன்றுகளின் கதையை வாசிக்கட்டும். அவற்றில் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் மரமாக நிற்கிறது. அப்புறம், இருட்டோடு போய் ஏன் மரம் வெட்டினார்கள் என்று ஓர் அறிவியல் பகுதி: வெயில் ஏறினால் பட்டைக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் மட்டுப்படும். இந்தப் பகுதிக்கு வரும்போது பட்டை, பால், பால் பிடிக்கும் மங்கு எல்லாம் பழகிய சொற்களாகிவிடும். எழுத்தோடு மல்லுக்கட்டிய பிள்ளைக்கும் பொருளைக் கவனிக்கத் தெம்பு வரும்.

மெதுவாக வாசிக்கும் பிள்ளைக்கு அதே செய்தியைச் சின்ன வாக்கியங்களில் நீயே எழுதிக் கொடு. வேறு கதையைக் கொடுத்து ஓரமாக உட்கார வைக்காதே. வகுப்பு பேசும்போது அவனுக்கும் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எழுத்துக்கு நேர்காணல்தான் சிறந்தது. "எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்?" என்று கேட்டால் பாட்டி "நாலு மணி" என்பார், அதோடு முடிந்தது. "பெரட்டுக்குப் போக நேரமானால் என்ன ஆகும்?" என்று கேட்கச் சொல். பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுப்பது. வேலை வாங்கும் கங்காணி, கணக்கு எழுதும் கிராணி, லயத்து வரிசை வீடுகளின் குழாயடி என்று எல்லாம் வரும். கேள்வியைத் திருத்துவதே நல்ல எழுத்துப் பயிற்சி. பதிலைப் பத்தியாக்கும்போது எதை முதலில் சொல்வது என்று அவர்களே சண்டை போடுவார்கள், போடட்டும்.

மரம் வரைந்து வண்ணம் தீட்ட ஒரு பாடவேளை போதும், அதற்கு மேல் கொடுத்தால் வாசிப்பு போய்விடும். செய்யுளும் இரட்டைக்கிளவியும் பொருந்தாவிட்டால் தனியே நடத்து, இழுத்துக் கட்ட வேண்டாம்.

தாத்தா பாட்டி இல்லாத பிள்ளைகளின் கேள்விகளைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பு. பெரியத்தையிடம் கேட்டு, அவர் குரலிலேயே பதிவு செய்து அனுப்புகிறேன். காது கொஞ்சம் மந்தம், அதனால் கேள்விகள் சின்னதாக இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா