நட்ட கண்டலை மாரியில் யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

உலக சுற்றாடல் தினமான ஜூன் 5ஆம் திகதியையொட்டி மட்டக்களப்பு வாவிக்கரையில் இளைஞர் யுவதிகள் கண்டல் (அலையாத்தி எனப்படும் சதுப்புநில மரம்) கன்றுகளை நாட்டிய செய்தியையும் படங்களையும் தங்கள் பத்திரிகையில் பார்த்தேன். முழங்கால் வரை சேற்றில் இறங்கி நின்ற அந்தப் பிள்ளைகளின் ஆர்வம் உண்மையானது; அதைக் குறைத்துச் சொல்ல நான் இதை எழுதவில்லை. நீண்ட காலம் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், இத்தகைய நடுகைகளுக்கு மாணவர்களைப் பலமுறை அழைத்துச் சென்றவன் என்ற முறையிலும், அந்த ஆர்வம் முழுவதையும் ஒரே காலைப்பொழுதில் செலவழித்துவிட்டு அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து போன பின்னர், கண்டல் காடு இருந்த கரைகள் பல தப்பின என்ற பேச்சு எங்கும் பரவியது. நாடு முழுவதும் கண்டல் நடுகைகள் அவசர அவசரமாகத் தொடங்கின. அக்காலத்தில் ஒரு நிறுவனத்தின் அழைப்பை ஏற்று உயர்தர வகுப்பு மாணவர்கள் நாற்பது பேரை வாவியோரம் அழைத்துச் சென்றேன். கயிறு கட்டி, ஒரு மீற்றர் இடைவெளியில், வரிசை பிசகாமல் நட்டோம். தோணியில் அவ்வழியே வந்த முதியவர் ஒருவர், "சேர், இது மாரித்தண்ணி தேங்கி நிக்கிற இடம். இதில நட்டா கண்டு மூச்சு முட்டிச் செத்துப் போகும்" என்று சொன்னார். குழிகள் குறிக்கப்பட்டுவிட்டன, விருந்தினர்களும் வந்துவிட்டார்கள் என்பதால் நான் அவரிடம் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. மாரி கழிந்து தை மாதம் அங்கு போனபோது, கன்றுகளுக்கு ஊன்றிய தடிகளும் சில பொலித்தீன் பைகளும் மட்டுமே மிஞ்சியிருந்தன. வாவியிலேயே வாழ்ந்த ஒருவரின் சொல்லைப் பாடப்புத்தகம் படித்த நான் கேட்காமல் விட்டது இன்றும் என் மனதை உறுத்துகிறது.

அந்த முதியவர் சொன்னதில் உள்ள விஞ்ஞானம் எளிமையானது. எங்கள் வாவியின் நீர்மட்டத்தைக் கடலின் வற்றுப்பெருக்கை விட மாரி மழையும், முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்திருக்கிறதா வெட்டுண்டிருக்கிறதா என்பதும்தான் தீர்மானிக்கின்றன. கோடையில் காய்ந்து வெடித்துக் கிடக்கும் கரை, மாரியில் வாரக்கணக்கில் நீருக்குள் கிடக்கும். வளர்ந்த கண்டல் தன் தாங்குவேர்களாலும் மூச்சுவேர்களாலும் இதைத் தாங்கிக்கொள்ளும். ஒரு முழம்கூட வளராத கன்றால் முடியாது. நீருக்குத் தப்பிய கன்றை வெள்ளத்தோடு இழுபட்டு வரும் ஆற்றுவாழை என்ற மிதக்கும் நீர்க்களை மூடும், அதற்கும் தப்பியதை மேய்ச்சல் மாடு கடிக்கும். போதாக்குறைக்கு, எல்லா இடத்திலும் ஒரே இனத்தை நடுகிறோம். கண்டல் என்பது இவ்வகை மரங்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராக வழங்கினாலும், அவற்றுள் ஓரினத்துக்கும் அதுவே பெயர். அந்தக் கண்டலின் நீண்ட காய் மரத்திலேயே முளைவிட்டு விழுவதால் அதை எடுத்துச் சேற்றில் குத்துவது இலகு. ஆகவே கண்ணா, தில்லை, கிண்ணை ஆகிய மற்றச் சதுப்புநில மரங்கள் இயல்பாக நிற்க வேண்டிய இடங்களிலும் கண்டலையே குத்திவிடுகிறோம். வாகரைப் பக்கம் கண்டலடி என்றும் வாழைச்சேனைப் பக்கம் கிண்ணையடி என்றும் ஊர்களுக்குப் பெயர் வழங்கும் இம்மாவட்டத்தில், எது எங்கே வளரும் என்பதை மறந்துபோனது வருத்தத்துக்குரியது.

இது எனது வாவிக்கரையில் மட்டும் நடந்த கதையன்று. ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரின் தலைமையில் இலங்கையின் கண்டல் மீள்நடுகைத் திட்டங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, பார்வையிட்ட 23 இடங்களில் 9 இடங்களில் நட்ட கன்றுகளில் ஒன்றேனும் உயிருடன் இல்லை என்று கண்டது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையான நடுகையில் 200 முதல் 220 ஹெக்டேயர் வரையே வெற்றி பெற்றதாக அது கணக்கிட்டது. பொருத்தமற்ற நிலமட்டமும் நீரோட்டமும், நட்ட பின் பராமரிப்பு இல்லாமையும் தோல்விக்கான காரணங்களுள் முக்கியமானவை. கன்று வாங்கப் பணம் இருந்தது, நடுவதற்கு ஆட்களும் இருந்தார்கள், திரும்பி வந்து பார்க்க மட்டும் ஒருவரும் இருக்கவில்லை என்றே நான் அந்த ஆய்வைப் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே எனது வேண்டுகோள், இளைஞர்களுக்கான சுற்றாடல் சேவையை ஒருநாள் நிகழ்விலிருந்து ஓராண்டுப் பணியாக மாற்ற வேண்டும் என்பதாகும். உலகில் இது புதிய யோசனையன்று. அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், 1933இல், வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தொடங்கிய சிவில் இயற்கைவளப் பாதுகாப்புப் படையணி 1942 வரை இயங்கியது. ஏறத்தாழ 30 இலட்சம் பேர் அதில் பணியாற்றி, 300 கோடிக்கு மேற்பட்ட மரங்களை நட்டனர். மாதம் 30 டொலர் சம்பளத்தில் 25 டொலர் நேரே அவர்களின் குடும்பத்துக்குப் போனது. முகாம்களில் மாலை நேர வகுப்புகளும் நடந்தன. ஆனால் அப்படையணியில் பெண்களுக்கு இடமிருக்கவில்லை, கறுப்பின இளைஞர்கள் தனி முகாம்களில் பிரித்து வைக்கப்பட்டார்கள், நுளம்பை ஒழிப்பதற்கென்று சதுப்பு நிலங்களும் வடிக்கப்பட்டன. அறிவு வழிநடத்தாவிடில் ஆயிரக்கணக்கான கைகளால் கேடும் விளையும் என்பதற்கு அந்தச் சதுப்பு நிலங்களே சாட்சி. அயலில் இந்தியா, காந்தியின் நூற்றாண்டான 1969இல் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணித்தியாலம் சேவை செய்ய வேண்டும். எங்கள் மர நடுகை விழாக்களில் ஒரு பிள்ளை செலவிடுவது மூன்று மணித்தியாலம்.

எங்களிடம் அமைப்புகள் இல்லாமலும் இல்லை. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் முன்னோடித் திட்டம் பாடசாலைகளில் இருக்கிறது. ஜனாதிபதிப் பதக்கம் வரை உழைக்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். தேசிய இளைஞர் சேவைகள் மன்றமும் தேசிய இளைஞர் படையணியும் இருக்கின்றன. பாடசாலையை விட்டு வெளியேறும் நாளோடு முன்னோடியின் பணி முடிந்துவிடுவதுதான் குறை. உயர்தரப் பரீட்சை எழுதியவர் பெறுபேறு வந்து பல்கலைக்கழகத்துக்குள் கால் வைக்கும் வரை நீண்ட மாதங்கள் காத்திருக்கிறார். அனுமதி கிடைக்காதவர் கட்டாருக்கோ கொழும்புக்கோ புறப்படும் வரை வீட்டில் இருக்கிறார். உடலில் பலமும் மனதில் விருப்பமும் இருக்கும் அந்தக் காலம் வீணாகிறது.

அந்த ஓராண்டில் செய்ய வேண்டிய வேலை ஏராளம். கோடையிலும் மாரியிலும் கரையோரம் அளவுத்தடி ஊன்றி நீர்மட்டத்தை வாராவாரம் குறிப்பது, நிழல் நாற்றுமேடையில் பல இனக் கன்றுகளை வளர்ப்பது, நட்டவற்றை மாதம் ஒருமுறை எண்ணி உயிருள்ளவை எத்தனை என்று பிரதேச செயலக அறிவித்தல் பலகையில் எழுதுவது, மாட்டுக்கு வேலியடைப்பது, வலைத்துண்டையும் ஆற்றுவாழையையும் அகற்றுவது என்று அது நீளும். சில இடங்களில் எதையும் நடாமல், இயல்பாக விழும் விதை முளைக்க இடம் விட்டுக் காவல் இருப்பதே சிறந்த வேலையாக இருக்கும். விழாவுக்கு அது உதவாது, காட்டுக்கு உதவும். தில்லையின் பால் பட்டால் கண் கெடும் என்பது போன்ற முன்னெச்சரிக்கைகளை முதல் வாரத்திலேயே கற்பிக்க வேண்டும். அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் இறந்த செய்தி 2022 ஜனவரியில் உலகெங்கும் பேசப்பட்டது. குப்பையைப் பிறக்கும் இடத்திலேயே தரம் பிரிக்கும் வேலையை இத்தகைய இளைஞர் அணி வீடு வீடாகச் சென்று பழக்கலாம்.

கற்பிப்பவர்கள் யார் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அவற்றின் தாவரவியல், விலங்கியல் ஆசிரியர்கள் கணக்கெடுப்பு முறையைக் கற்பிக்கட்டும். அவர்களுக்குச் சமமாக, கொடுப்பனவும் மரியாதையும் அளித்து, வாவி மீனவர்களையும் போதனாசிரியர்களாக அமர்த்த வேண்டும். எந்த மூலையில் இறால் குஞ்சு ஒதுங்கும், எந்தக் கரையில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்பதைத் தோணியில் நின்றே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையும் மேற்குக் கரையான படுவான்கரையும், தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் இந்த ஒரே நீரில்தான் வலை வீசுகின்றன. ஆகையால் ஓர் அணியில் காத்தான்குடிப் பிள்ளையும் களுவாஞ்சிகுடிப் பிள்ளையும் கொக்கட்டிச்சோலைப் பிள்ளையும் சேர்ந்திருக்க வேண்டும். யுவதிகளும் பெருமளவில் சேரும் வகையில், முகாமில் தங்கும் முறையைத் தவிர்த்து, காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பணியாக இது அமைய வேண்டும்.

கொடுப்பனவு இல்லாமல் இதைக் கேட்பது நியாயமாகாது. தொண்டு என்றால் கூலி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். தகப்பன் கடலுக்குப் போகாத நாளில் அடுப்பு எரியாத வீட்டுப் பிள்ளையால் ஓராண்டு இலவசமாக உழைக்க முடியாது; இலவசமாக வைத்தால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே சேவை செய்தவர்கள் ஆவார்கள். போக்குவரத்துக்கும் உணவுக்கும் வீட்டுக்குச் சிறிது கொடுப்பதற்கும் போதுமான தொகையும், ஆண்டு முடிவில் தேசியத் தொழிற்தகைமையோடு இணைந்த சான்றிதழும் வழங்கப்பட வேண்டும். நியமனம் அரசியல்வாதியின் கடிதத்தால் நடந்தால், இந்த யோசனையைத் தொடங்காமலே விடுவது நல்லது.

ஒரே நாளில் மாவட்டம் முழுவதும் இதைச் செய்யச் சொல்லவில்லை. வாவியோரப் பிரதேச செயலகப் பிரிவு ஒன்றில் பன்னிரண்டு பேருடன் தொடங்கினால் போதும். வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்குள் அளவுத்தடிகள் ஊன்றப்பட்டால், இவ்வாண்டு ஜூனில் நட்ட கன்றுகளில் எத்தனை தையில் எஞ்சியிருக்கின்றன என்ற கணக்கையாவது பெறலாம். எனது பழைய மாணவர்கள் நால்வர் சம்பளம் எதுவும் கேளாமல் அந்த முதற் கணக்கெடுப்பைச் செய்ய இசைந்திருக்கிறார்கள். நானும் அவர்களுடன் போவேன். அந்த ஜூன் நடுகையை ஒழுங்கு செய்தவர்கள் கன்றுகள் நடப்பட்ட இடங்களையும் எண்ணிக்கையையும் தங்கள் பத்திரிகை வாயிலாக அறியத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.