டேங்கர் ஓட்டப் போகும் உன் மகனுக்காக

தக்கலை

அன்புள்ள செல்லத்துரை,

கடிதம் கிடைத்தது. முட்டுவலிக்கு எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடாதே. இங்கே மழை விட்டபாடில்லை, ரப்பர் வெட்டு முடங்கிக் கிடக்கிறது. மூத்தவளுக்குக் குலசேகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது.

உன் மகன் தூத்துக்குடியிலிருந்து பெட்ரோல் டேங்கர் ஓட்டப் போகிறான் என்று எழுதியிருந்தாய். மூன்று நாள் வகுப்பு முடிந்து, ஆபத்தான சரக்கு ஓட்டுவதற்கான ஹசார்டஸ் லைசென்ஸும் வந்துவிட்டதாமே, சந்தோஷம். நாம் அதற்காக வருஷாவருஷம் ஆர்டிஓ ஆபீசுக்கு அலைந்தோம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான். புதுப்பிக்க ஒருநாள் வகுப்பு இப்போதும் உண்டு. அதில் தூங்காமல் இருக்கச் சொல்.

வண்டியில் என்ன சரக்கு இருக்கிறது என்று காட்டும் எண் பலகையை அவன் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். 1203 பெட்ரோல், 1202 டீசல், 1075 சமையல் கேஸ், 1005 அமோனியா. அந்த எண்ணுக்கு மேலே உள்ள குறியீடு ஆங்கில ‘ஈ’ எழுத்தில் முடிந்தால் சுற்றியுள்ளவர்களை வெளியேற்ற யோசிக்க வேண்டும் என்று அர்த்தம். தீயணைப்புக்காரர்கள் தூரத்தில் நின்று அதைப் படித்துத்தான் கிட்டே வருவார்கள். பல வண்டிகளில் அது சேறு அப்பிக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். ஒரு ஈரத்துணி போதுமே! கேபினில் வைக்கிற ட்ரெம் கார்டையும், அதாவது விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அட்டையையும், டிப்போ கேட்டைத் தாண்டும் முன்பே படித்துவிட வேண்டும், வண்டி கவிழ்ந்த பிறகு யார் படிப்பது?

பங்கில் இறக்கும்போது இன்ஜினை அணைத்து, டயருக்குக் கட்டை வைத்து, நிலைமின்சாரப் பொறி வராமலிருக்க முதலில் எர்த் வயரை மாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஹோஸ். பெயின்ட் பூசிய இடத்தில் கிளிப்பைக் கவ்வவிட்டால் பிரயோஜனமில்லை, வெறும் இரும்பைத் தொட வேண்டும். இறக்கி முடித்ததும் “காலி வண்டிதானே” என்று பீடியை எடுப்பவர்கள் உண்டு. உள்ளே மிச்சமிருக்கிற ஆவியோடு காற்றும் கலந்திருக்கும், நிறைந்த டேங்கைவிட அதுதான் சட்டென்று பிடிக்கும்.

ஆரல்வாய்மொழிக் காற்றை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் காலி டேங்கரையே தள்ளிப் பார்க்கும். பாதி லோடு இன்னும் மோசம், வளைவில் எண்ணெய் சாயும் பக்கம் வண்டியும் சாயும். அங்கே ஒரு வசதி, காற்றாலையின் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. கசிவு என்றால் அந்தப் பக்கமாக விலகி ஓட வேண்டும்.

நான் பயப்படுவது வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்துக்குத்தான். மார்த்தாண்டத்தில் பெட்ரோல் வண்டி கவிழ்ந்தால் முதலில் குடத்தோடு ஆள் வரும். 2025 ஜனவரி 3 அன்று கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் கேஸோடு டேங்கர் கவிழ்ந்ததே, பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டு, தண்ணீரைப் பீய்ச்சியபடியே வேலை பார்த்தார்கள். அந்த முதல் பத்து நிமிஷம் டிரைவர் கையில்தான் இருக்கிறது. பேட்டரி இணைப்பைத் துண்டித்து, ஆட்களை விரட்டி, 112-க்குச் சொல்லி, பிறகு முதலாளியைக் கூப்பிடட்டும். முதலாளிக்கு முதலில் போன் போடுகிற பழக்கம் நம் ஆட்களுக்கு இருக்கிறது, அதை அவன் பழக வேண்டாம்.

இந்தப் பக்கம் வந்தால் வீட்டில் சாப்பிட்டுத்தான் போக வேண்டும். லோடு வண்டியை மட்டும் எங்கள் தெருவுக்குள் நிறுத்தக் கூடாது, லீவு நாளில் பஸ் ஏறி வரட்டும்.

அன்புடன்,
ராசையா