ராஜாவை வைத்துக்கொண்டு பயந்த கதை

டேய் வாத்தி,

நாலு மாசமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதாக இருந்தால் முதலில் திட்டி முடித்துவிடு. வீட்டில் எல்லாரும் சௌக்கியம், என் முதுகுவலியும் சௌக்கியம். இப்போது எழுதக் காரணம் மொட்டை. அவன் இளித்த இளிப்பு மூன்று நாளாகக் கண்ணை விட்டுப் போகவில்லை.

சனிக்கிழமை போக்கர் ஆட்டம். காசு கிடையாது, பழையபடி சிப்ஸ்தான். நான் பிக் பிளைண்ட், சீட்டு வருமுன்பே கட்டாயமாகப் போடவேண்டிய இடம். கையில் ஸ்பேட் ராஜாவும் ஸ்பேட் பத்தும். மொட்டை பட்டனில், அதாவது கடைசியாகப் பேசும் இடத்தில் இருந்து ஏற்றினான், நான் கால், அவன் போட்டதற்கு ஈடு கட்டினேன். ஃப்ளாப்பில், நடுவில் திறக்கிற முதல் மூணு பொதுச் சீட்டில், டைமண்ட் ராஜா, ஆட்டின் எட்டு, ஆட்டின் மூணு. நான் எதுவும் போடாமல் செக், அவன் சிப்ஸ் போட்டு பெட், நான் கால். நாலாவது சீட்டான டர்னில் கிளாவர் அஞ்சு, மறுபடியும் அதே கதை. கடைசிச் சீட்டான ரிவரில் டைமண்ட் ரெண்டு, யாருக்கும் உதவாத சீட்டு. நடுவில் சேர்ந்த பாட் 120.

இங்கேதான் புத்தி கெட்டது. செக் சொன்னால் பெரிசாக அடிப்பானே, நாமே 60 போட்டு விலையைக் கட்டிப்போடுவோம் என்று போட்டேன். மூச்சுகூட விடாமல் மிச்சமிருந்த 300-ஐயும் நடுவில் தள்ளினான். சீட்டைக் கவிழ்த்துவிட்டேன். உடனே திருப்பிக் காட்டுகிறான்: ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் ஒன்பது. ஒரு ஜோடி கூட இல்லை! அக்கௌண்டன்ட் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

இன்னும் 240 போட்டிருந்தால் பாட் 720. மூணு தடவையில் ஒரு தடவை நான் ஜெயித்தாலே கட்டுப்படியாகும். அதை விடு, அந்த 60-ஐ எதற்குப் போட்டேன் சொல்லு? எட்டு ஜோடிக்காரன் பெரும்பாலும் சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் போவான், ராஜாவோடு ஏஸ் வைத்திருப்பவன் போகவே மாட்டான். என்னைத் தோற்கடிக்கிறவர்களுக்கு மட்டும் பத்திரிகை அடித்து அழைத்திருக்கிறேன். செக் சொல்லியிருந்தால், ஒரே ஜாதியில் அஞ்சு சேரும் ஃப்ளஷ் தவறியவனுக்கு, வெறுங்கையோடு மிரட்டும் பிளஃப் தவிர வேறு வழி இல்லை. அவன் 60 போட்டால், 60 கொடுத்து 240 பாட்டைப் பார்க்கிறேன். நாலில் ஒன்று போதும். அதுவும் என் கையில் ஒரு ஆட்டின்கூட இல்லை, தவறிப்போன ஆட்டின் எல்லாம் அவன் பக்கம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் தோன்றியது.

இதே சீட்டு, இதே பலகை, எதிரில் அக்கௌண்டன்ட் என்றால் போடலாம், ஆனால் 30-தான். அந்த மனுஷன் பிளஃபே அடிக்கமாட்டார், செக் சொன்னால் தானும் செக் சொல்லி முடித்துக்கொள்வார், ஆனால் எட்டு ஜோடியைக்கூட விடாமல் கால் பண்ணுவார். ஏற்றினாரா, யோசிக்காமல் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம். அவருக்குக் கொடுக்கவேண்டிய மருந்தை மொட்டைக்குக் கொடுத்தேன், அளவையும் இரட்டிப்பாக்கி.

ஒன்று உண்மையாகச் சொல்கிறேன். பயத்துக்குத் தந்திரம் என்று பெயர் வைத்து ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன். நீ போனபிறகு அதை முகத்துக்கு நேரே சொல்ல ஆள் இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். இனி நடுத்தரக் கைக்கெல்லாம் செக், நல்ல கைக்கும் வெறுங்கைக்கும் பெட் என்று ஆடினால், என் செக்கில் பலமே இல்லை என்று மொட்டை ரெண்டே வாரத்தில் மோப்பம் பிடித்துவிடுவான். அதனால் ஒரே எண்ணில் மூணு சேர்ந்து செட் அடித்தபோதும் சில தடவை செக் சொல்லிவிட்டு அவன் போட்டபிறகு ஏற்றவேண்டும். எத்தனை தடவை? மூணு எட்டை வைத்துக்கொண்டு செக் சொல்லிவிட்டு நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தாயே, அன்றைக்கு மனசில் என்ன கணக்குப் போட்டாய்? அதை எழுது.

மொட்டைக்கும் நீ கடிதம் போடுவாய் என்று தெரியும். இந்தக் கணக்கையெல்லாம் அவனிடம் சொல்லித் தொலைக்காதே.

உன்,
பச்சைச் சட்டை