ஏழு காய் வரும்வரை இன்ஜின் காத்திருப்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் செஸ் பற்றிய தங்கள் கட்டுரையில், பலகையில் ஏழு காய் மிஞ்சியதும் இன்ஜின் (செஸ் ஆடும் மென்பொருள்) யோசிப்பதை விட்டுவிட்டு, காய் குறைந்த நிலைகளின் முடிவை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த அட்டவணையைப் பார்த்து ஆடும் என்றிருந்தது. பாதிதான் சரி. அட்டவணை அதற்கு வெகு முன்பே வேலைக்கு வந்துவிடும்.

ஒரு பக்கம் ராஜா, யானை, இரண்டு சிப்பாய். மறுபக்கம் ராஜா, யானை, ஒரு சிப்பாய். மொத்தம் ஏழு. இன்ஜினிடம் இருப்பதோ ஐந்து காய் அட்டவணைகள் மட்டுமே என்று வையுங்கள். யானைக்கு யானை வெட்டினால் என்ன ஆகும் என்று அது மனதுக்குள் ஆடிப் பார்க்கும்போதே ஐந்து காய் வந்துவிடும். அந்த இடத்தில் அட்டவணையைத் தொட்டு வெற்றியா, டிராவா, தோல்வியா என்று தெரிந்துகொண்டு, அந்தக் கிளையை அத்தோடு மூடிவிடும். திரையில் நூற்றைத் தாண்டிய மதிப்பெண் திடீரென்று தெரிவது இதனால்தான்.

ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜின் இப்படித் தொடுவதற்கு நிபந்தனை உண்டு. காய் வெட்டாமலும் சிப்பாய் நகராமலும் இரு பக்கமும் 50 நகர்த்தல் ஆடிவிட்டால் டிரா கேட்கலாம் என்பது விதி. அந்த 50 நகர்த்தல் கணக்கு பூஜ்யமாக, அதாவது சற்றுமுன் ஒரு காய் வெட்டுப்பட்டோ சிப்பாய் நகர்ந்தோ இருக்க வேண்டும். கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) உரிமை யாருக்கும் இருக்கக் கூடாது. அட்டவணை அந்த அனுமானத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு குதிரைக்கு எதிரே ஒரு சிப்பாய் என்ற முடிவில் மேட்டுக்கு 115 நகர்த்தல் வரை நீளும் நிலைகள் உண்டு. விதியை மறந்தால் அவை வெற்றி, விதிப்படி பல டிரா.

தருமபுரியில் பிள்ளைகளை செஸ் வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் கேட்பது, இந்த அட்டவணைகளுக்கு எத்தனை ஜிபி வேண்டும் என்பதுதான். ரொனால்ட் டி மான் 2013இல் வெளியிட்ட சிசிஜி அட்டவணையில் ஐந்து காய் வரை ஒரு ஜிபிக்கும் குறைவு. ஆறு காய்க்கு ஏறத்தாழ 150 ஜிபி. பின்னர் 2018இல் வந்த ஏழு காய்க்கு 16 டெராபைட்டுக்கு மேல். பழைய லேப்டாப்புக்கு ஐந்து காயே தாராளம். ஆறு காயால் கூடும் பலம் சொற்பம். அதைச் சுழலும் ஹார்ட் டிஸ்கில் வைத்தால் தேடல் வேகமும் குறையும், எஸ்எஸ்டியில் போடுங்கள்.

அட்டவணை வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் கோளாறு ஃபோல்டரில்தான் இருக்கும். இன்ஜின் செட்டிங்கில் சிசிஜி பாத் என்ற இடத்தில் ஃபோல்டர் முகவரி தப்பாக இருந்தாலும் இன்ஜின் முணுமுணுக்காமல் ஆடிக்கொண்டிருக்கும். உள்ஃபோல்டரைத் தானாகத் தேடாது. இரண்டு ஃபோல்டர் என்றால் விண்டோஸில் அரைப்புள்ளி, லினக்ஸில் முக்கால்புள்ளி போட்டுப் பிரிக்க வேண்டும். ஐந்து காய் வரை முழுதாக ஏறியிருந்தால் 145 அட்டவணை கிடைத்ததாக இன்ஜினே சொல்லும். ஆறு காய் கோப்புகளை மட்டும் போட்டுச் சின்னவற்றை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. வெட்டிப் பார்க்க வேண்டிய இடத்தில் சின்ன அட்டவணை இல்லையென்றால் பெரியது பதில் தராது.

மாணவர்கள் ஏமாறும் இடம் வேறு. அட்டவணை காட்டும் டிடிஇசட் என்ற எண் மேட்டுக்கான தூரம் அல்ல. அடுத்த வெட்டு அல்லது சிப்பாய் நகர்வுக்கான தூரம், அதுவும் அரை நகர்த்தல் (ஒருவர் ஒருமுறை ஆடுவது) கணக்கில். ராணியும் சிப்பாயும் வைத்திருப்பவருக்கு 1 என்று காட்டினால், சிப்பாயைத் தள்ளு என்று பொருள். மேட் இன்னும் பல நகர்த்தல் தள்ளி இருக்கலாம். மந்திரியும் குதிரையும் கொண்டு தனி ராஜாவை மடக்குவது போன்ற முடிவுகளில் மட்டும் அதை மேட்டுக்கான தூரமாக நம்பிப் பார்க்கலாம். வெல்பவருக்கு அங்கே வெட்டவும் காய் இல்லை, தள்ளவும் சிப்பாய் இல்லை. அதிகபட்சம் 33 நகர்த்தல்.

இப்படிக்கு,
செஸ் வாசகர், தருமபுரி