குகை டைவிங் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம். இந்த அறிக்கை போன மாதமே வந்திருக்க வேண்டும். கணக்கு கைக்கு வரத் தாமதம், வந்த கணக்கும் கூட்டிப் பார்த்தால் உதைத்தது, அதனால்தான் இப்போது. தாமதம் என்னால் இல்லை என்பது பதிவாகட்டும் என்று இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

வழக்கமானவற்றை முடித்துவிடலாம். செயற்குழு 6 முறை கூடியது, அதில் 2 முறை போதிய ஆள் வராததால் கோரம் இல்லை. சிலிண்டரில் காற்று நிரப்பும் கம்ப்ரஸருக்கு ஃபில்டர் மாற்றினோம். முதலுதவிப் பயிற்சி நடந்தது. புதிதாக 3 பேர் சேர்ந்தார்கள், 2 பேர் விலகினார்கள்.

இனி ஆழ்குகைப் பயிற்சி வார இறுதி. மூன்று வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். "எல்லாரிடமும் சான்றிதழ் இருக்கிறதே, இன்னும் என்ன பயிற்சி?" என்பதுதான் ஒவ்வொரு கூட்டத்திலும் வந்த பதில். சான்றிதழ் தனி ஆளுக்குக் கொடுப்பது, குகைக்குள் போவது அணி. திறந்த நீரில் ஏதாவது ஆனால் கடைசி வழியாக மேலேயாவது போகலாம். குகையில் தலைக்கு மேல் பாறை, வந்த வழியேதான் திரும்ப வேண்டும், திரும்பிய பிறகும் டிகம்ப்ரஷன், அதாவது உடலில் கரைந்த வாயு மெல்ல வெளியேறுவது, முடியும்வரை நீருக்குள் காத்துக் கிடக்க வேண்டும். அப்போது பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார் என்று தெரியாமல் உள்ளே போவதில் என்ன தைரியம் இருக்கிறது?

14 பேர் பெயர் கொடுத்தார்கள். வந்தவர்கள் 8 பேர். வராத ஆறு பேரில் நால்வர் காரணம் சொன்னார்கள், இருவர் அதுவும் சொல்லவில்லை. அந்த இருவருக்கும் ட்ரைமிக்ஸ் (ஆழத்தில் மூச்சுவிட ஆக்ஸிஜன், ஹீலியம், நைட்ரஜன் சேர்ந்த கேஸ்) கலந்து, அளந்து, சிலிண்டரில் பெயர் ஒட்டி வைத்தாயிற்று. ஹீலியம் என்ன விலை என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் ஒருவர் பிறகு என்னிடம், "அந்த கேஸ் கெட்டுப்போகாதே, அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். கெட்டுப்போகாது, உண்மைதான். பில்லும் அப்படித்தான், தானாகக் கரைந்து போகாது.

முதல் நாள் தண்ணீரே இல்லை. மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, கண்ணையும் கட்டிக்கொண்டு நடந்தோம். சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் வண்டல் கிளம்பி எதுவுமே தெரியாத நேரத்தில் விரல் வளையத்துக்குள் கயிறும், முன்னால் போகிறவரின் கையும் மட்டும்தான் மிச்சம். தள்ளினால் போ, இழுத்தால் பின்னால் வா, அழுத்தினால் நில். இதைத் தரையில் பத்து முறை தப்பாகச் செய்தவர்கள்தான் மறுநாள் தண்ணீரில் சரியாகச் செய்தார்கள்.

அன்று மாலை கேஸ் கணக்கு. அமெரிக்கக் குகை டைவர் ஷெக் எக்ஸ்லி பழைய விபத்துகளை ஆராய்ந்து சொன்னவற்றில் இரண்டு: வெளியே வரும்வரை அறுபடாத கயிறு, போகும்போது கேஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவழிக்காதே. இரண்டாவது எல்லாருக்கும் மனப்பாடம். இருந்தும் பெரிய சிலிண்டர் வைத்திருந்த ஒருவர் தன் மூன்றில் ஒன்றைத்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பலகையில் எழுதினோம். 12 லிட்டர் சிலிண்டர் இரண்டு, 200 பார் அழுத்தம் என்றால் 4,800 லிட்டர் கேஸ், மூன்றில் ஒன்று 1,600. இரட்டை 15 என்றால் 6,000, மூன்றில் ஒன்று 2,000. ஆகக் கடைசி முனையில் பெரிய சிலிண்டர்காரரின் கேஸ் மொத்தமும் போய்விட்டால், சின்னவரிடம் இருப்பது 3,200, இருவரும் திரும்ப வேண்டியது 1,600உம் 2,000உம் சேர்த்து 3,600. அப்புறம் அவர் எதுவும் பேசவில்லை. அவரும் 1,600க்கே திரும்பினால் கணக்கு சரியாக நிற்கும், அதுவும் பதற்றத்தில் மூச்சு கூடாமல் இருந்தால்.

இரண்டாம் நாள் மூன்று அணிகள், பயிற்றுநரோடு சேர்த்து அணிக்கு மூவர். அதிகபட்சம் 45 மீட்டர், 21 சதவீத ஆக்ஸிஜனும் 35 சதவீத ஹீலியமும் கலந்த கேஸ், ஏறும்போது 21 மீட்டரில் 50 சதவீத ஆக்ஸிஜன், மீதி நைட்ரஜன் கொண்ட நைட்ராக்ஸுக்கு மாற்றம். கேஸ் மாற்றும்போது லேபிளைத் தானும் படித்து அணியினருக்கும் காட்டாமல் யாரும் வாயில் வைக்கவில்லை, இதில் எனக்குப் பெருமை.

என் தவறையும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். ஒரு தாழ்வான இடத்தில் என் முதுகுச் சிலிண்டரின் இடது வால்வ் கூரையில் உரசி, நான் முன்னேற முன்னேற மூடிக்கொண்டே வந்திருக்கிறது. மிச்சமிருக்கும் கேஸைக் காட்டும் பிரஷர் கேஜ் அந்தப் பக்கம்தான். வால்வ் மூடியதால் முள் 150இல் நின்றுவிட்டது. இன்று எவ்வளவு சிக்கனமாக மூச்சு விடுகிறேன் என்று மனதுக்குள் மகிழ்ந்துகொண்டே போனேன்! பின்னால் வந்தவர் காலைப் பிடித்து நிறுத்தி, வால்வைத் திறந்துவிட்டார், முள் சட்டென்று இறங்கியது. அவர் இந்த வருடம்தான் சேர்ந்தவர். மரத்தடிப் பயிற்சியில் அதிகம் சிரித்தவரும் அவரே.

கணக்கு விவரம்: வரவும் செலவும் ஏறக்குறைய ஒட்டி நிற்கின்றன, வர வேண்டிய சந்தா வந்தால். 23 உறுப்பினர்களில் முழுதாகக் கட்டியவர்கள் 11 பேர். கயிறு பிரியும் இடத்தில் ஒவ்வொருவரும் தன் அடையாள வில்லையை மாட்டிவிட்டுப் போவோம், ஒருவருடைய வில்லை அங்கேயே தொங்கினால் அவர் இன்னும் வெளியே வரவில்லை என்று அர்த்தம். நம் பதிவேட்டில் சில பெயர்கள் அப்படித்தான் வருடக்கணக்கில் தொங்குகின்றன. ஆள் உள்ளேயா வெளியேயா தெரியவில்லை.

தலைவருக்கும், பொருளாளருக்கும், கூலி வாங்காமல் இரண்டு நாள் கொடுத்த பயிற்றுநருக்கும், சிலிண்டர் தூக்கியவர்களுக்கும் நன்றி.

அடுத்த வருடம் இன்னொரு வார இறுதி நடத்தலாம் என்றுதான் ஆசை. கலவையை அளக்கும் கேஸ் அனலைசரின் ஆக்ஸிஜன் சென்சார் ஆயுள் முடியும் நிலையில் இருக்கிறது, புதியது இல்லாமல் ஒரு சிலிண்டரிலும் நான் லேபிள் ஒட்ட மாட்டேன். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்பதாக இருந்தால் சாவிகளைச் சந்தோஷமாகத் தருகிறேன். போன முறையும் இதைச் சொன்னேன், யாரும் கை தூக்கவில்லை. சரி, நானே பார்க்கிறேன். ஆனால் இனி பெயர் கொடுப்பவர்கள் ஹீலியத்துக்கான தங்கள் பங்கையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அந்த இரண்டு செட் சிலிண்டர் இன்னும் என் அறையில், பெயரோடு, நிரம்பித்தான் இருக்கிறது. சந்தா கட்டிவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம்.