பத்து நிமிஷத்தில் கிளம்ப மூன்று ஹேங்கர்: அலமுவுக்கு

அன்புள்ள அலமு,

நாலு மணிக்குப் போன் போட்டு "நாலரைக்கு ஹாஸ்டல் வாசல்ல நிப்போம், கிளம்பு" என்று சொல்கிற கூட்டாளிகள் உனக்கு வாய்த்திருக்கிறார்கள். எங்கே போவது என்பதே வண்டியில் ஏறிய பிறகுதான் முடிவாகிறது என்று எழுதியிருந்தாய். குன்றக்குடியா, திருமயமா, சும்மா தேவகோட்டை ரோட்டில் ஒரு சுற்றா என்று தெரியாமல் பீரோவைத் திறந்து நின்றால், கைக்கு முதலில் வருவதைத்தான் மாட்டிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். அந்த முடிவை அந்த நேரத்துக்கு விடாதே. ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போதே மூன்று செட்டை மேலிருந்து கீழ்வரை சேர்த்து, மூன்று ஹேங்கரில் மாட்டி வை. உள்ளே போடுகிற ஸ்லிப், ஸ்டோல், ஊக்கு உட்பட அதே ஹேங்கரில் இருக்கட்டும். கிளம்பத் தாமதமாவது பெரும்பாலும் டாப்ஸைத் தேடியல்ல, அதற்குப் பொருந்துகிற உள்சட்டையைத் தேடித்தான்.

செட் சேர்க்கும்போது அழகுக்கு முன்னால் துணியைப் பார். பங்குனி பிறந்துவிட்டால் நம் பக்கத்து வெயில் உனக்கே தெரியும். பருத்தி தவிர வேறு எதுவும் மாலை நாலு மணிக்கு உடம்பில் நிம்மதியாக இருக்காது. ரேயான் கடையில் தொட்டுப் பார்க்க மெத்தென்று இருக்கும். ஆனால் நனைந்தால் வலு குறைகிற நூல் அது. வியர்வையில் ஊறிய அக்குள் தையல்தான் முதலில் விடும். லைக்ரா கலந்த லெக்கின்ஸ், காரின் ரெக்ஸின் சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் ஈரத் திட்டைக் காட்டிக்கொடுக்கும். லினன் நல்ல துணிதான், ஆனால் மடியில் விழுகிற கசங்கல் நாள் முழுக்கப் போகாது. டி-ஷர்ட் வாங்கினால் 150 முதல் 170 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) வரை பார்த்து வாங்கு. 130க்குக் கீழே போனால் உள்ளே இருப்பது தெரியும், 200ஐத் தாண்டினால் புழுங்கும். நிறத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: சாம்பலும் வெளிர் நீலமும் வியர்வையை உடனே காட்டும். வெள்ளை, கருநீலம், மெரூன், பொடிப் பூ அச்சு எல்லாம் மறைத்துவிடும்.

முதல் ஹேங்கர் கோயிலுக்கும் சேர்த்து. செட்டிநாட்டில் எந்தத் திசையில் வண்டியை விட்டாலும் ஒரு கோயில் வந்துவிடும். யாராவது ஒருத்தி "வந்ததுதான் வந்தோம், சாமியைப் பார்த்துட்டுப் போவோம்" என்பாள். திருப்பத்தூர் ரோட்டில் போனால் குன்றக்குடி, அதைத் தாண்டினால் பிள்ளையார்பட்டி. ஆகவே முழங்கால் மறைக்கிற பருத்திக் குர்த்தி, முக்கால் கை, நேர்வெட்டுப் பருத்தி பேன்ட், 2 மீட்டர் நீள ஸ்டோல். பேன்ட்டின் கால் முனைச் சுற்றளவு 14 முதல் 16 அங்குலம், நீளம் கணுக்காலோடு நிற்கட்டும். குன்றக்குடிப் படியில் ஏறும்போது பலாஸோவின் முனையை நீயே மிதித்துத் தடுக்குவாய். ஒரு கையால் தூக்கிப் பிடித்தால் கைப்பிடிக்கு ஒரு கைதான் மிஞ்சும்.

இரண்டாவது ஹேங்கர் நீண்ட டிரைவுக்கும் பாறை ஏறவும். மெல்லிய டெனிம் அல்லது பருத்தி ட்ரவுசர், மேலே டி-ஷர்ட், அதன்மேல் பொத்தான் போடாமல் ஒரு முழுக்கைச் சட்டை. டெனிமின் கனத்தை ஒரு சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள்; 8 அவுன்ஸுக்கு மேல் வேண்டாம். கடைகளில் கிடைக்கிற கனமான ஜீன்ஸ் 12 அவுன்ஸ்வரை இருக்கும், முழங்கால் மடக்கிப் பாறையில் ஏறும்போது அதன் இறுக்கம் தெரியும். அந்த முழுக்கைச் சட்டைதான் இந்த செட்டின் உயிர். பைக்கில் போனால் வெயிலுக்கு, காரில் போனால் ஏசிக்கு, மார்கழி இரவில் திரும்பினால் குளிருக்கு, மூன்றுக்கும் அது ஒன்றே போதும். திருமயம் கோட்டை 1687-ல் சேதுபதி மன்னர் காலத்தில் எழுந்தது. மேலே மரநிழல் கிடையாது, பாறை சாயங்காலம்வரை சூட்டை வைத்திருக்கும், காற்றும் பலமாக அடிக்கும். தளர்வான குட்டை டாப்ஸ் அங்கே பறந்துகொண்டே இருக்கும். மலையடியிலேயே சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைவரைக் கோயில்கள் இருப்பதால் இந்த செட்டுக்கும் ஒரு ஸ்டோலைப் பையில் போட்டுவிடு.

கார்த்திகை முதல் மாசிக்குள் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போவதாகப் பேச்சு வந்தால், இதே செட்டில் சட்டையை மட்டும் காக்கி அல்லது பாசிப்பச்சைக்கு மாற்று. பறவைகள் மிரளக்கூடாதென்று அங்கே பக்கத்துக் கிராமத்தார் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. நாம் பளீர் மஞ்சளில் போய் நிற்பது சரியில்லை, ஆத்தா.

மூன்றாவது ஹேங்கரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் என்று பெரிய வீடு பார்க்கப் போகிற நாளுக்கு அது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை முழுக்கப் பூவும் கொடியுமாக இருக்கும். அதன்மேல் நீயும் பெரிய பூப்போட்ட உடுப்பில் நின்றால் படத்தில் ஆளே தெரியாது. அங்கே கட்டமும் கோடும்தான் எடுபடும். அதற்குக் கண்டாங்கிச் சேலையைவிடப் பொருத்தமான துணி எனக்குத் தெரியவில்லை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடுகு மஞ்சள், அரக்கு, கறுப்பு, அழுத்தமான கட்டம், அகலக் கரை. பர்மாத் தேக்குத் தூணின் கருஞ்சிவப்புக்குப் பக்கத்தில் கடுகு மஞ்சள் நிற்கிற அழகே வேறு.

அவசரத்தில் சேலை கட்டிப் பைக்கில் ஏற முடியாதே என்பாய். தைத்துக்கொள். ஒரு சேலை ஐந்தரை மீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். உன் உயரத்துக்கு ஒரு நேர்வெட்டுக் குர்த்திக்கு இரண்டரை மீட்டர் போகும். கட்டம் பக்கத் தையலில் ஒன்றோடொன்று சேர வேண்டுமென்றால் இன்னொரு கால் மீட்டர். மிச்சத்தில் ஒரு அரைக்கைச் சட்டை வரும், அதை இரண்டாவது ஹேங்கருக்குக் கொடு. வெட்டுவதற்கு முன் துணியை ஒரு இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயப்போட்டுக் கொடுக்க வேண்டும். கைத்தறிப் பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். அப்படியே தைத்தால் இரண்டாவது சலவையில் கை ஏறிவிடும், மார்பு பிடிக்கும். சாயம் போகுமா என்று பார்க்க, ஈரமான வெள்ளைக் கைக்குட்டையை உள்மடிப்பில் அழுத்தித் தேய். கைக்குட்டையில் நிறம் ஏறினால் முதல் மூன்று நாலு சலவை தனியாகத்தான்.

டைலரிடம் வாயால் சொன்னால் போதாது, தாளில் எழுதிக் கொடு. பக்கவாட்டு வெட்டு இடுப்பெலும்புக்கு நேரே தொடங்கட்டும்; கீழே தொடங்கினால் பைக்கில் காலை அகட்டி உட்காரும்போது அந்த இடம்தான் கிழியும். வெட்டின் முனையில் உள்பக்கம் ஒரு சின்னத் துண்டு வைத்துத் தைக்கச் சொல். வலது பக்கத் தையலில் பாக்கெட், வாய் 16 சென்டிமீட்டர், ஆழம் 20. இன்றைய போன்கள் 16 சென்டிமீட்டர் உயரம் இருக்கின்றன, டைலர்கள் வழக்கமாக வைக்கிற ஆழத்தில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பாக்கெட் பை பாப்ளின் துணியில் இருக்கட்டும், கண்டாங்கியிலேயே தைத்தால் இடுப்பில் புடைக்கும். கரையைக் கீழ் மடிப்பில் வைக்காதே, செம்மண் முதலில் அங்கேதான் படும். கையின் முனையிலும் முன்பட்டியிலும் வை. கஞ்சி மிக லேசாக. மொடமொடவென்று போட்டால் பத்து நிமிஷ உட்காரலில் மடியில் கோடு விழுந்துவிடும்.

இனிப் பைக். இதை மட்டும் இரண்டு தடவை படி. ஷாலோ ஸ்டோலோ தோளில் தொங்கவிட்டுப் பின்சீட்டில் உட்காரவே கூடாது. அதன் முனை சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் கழுத்தைத்தான் இழுக்கும். ஏறுவதற்கு முன் கழற்றி மடித்துப் பையில் வை, இறங்கிய பிறகு போடு. கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இடுப்பில், முனை ஒரு சாண்கூட வெளியே நீட்டாமல். பக்கவாட்டில் உட்காராதே, இருபக்கம் கால் போட்டு உட்கார். பெரும்பாலான பைக்கில் சைலன்சர் வலப்பக்கம் இருக்கும். பாலியஸ்டர் பேன்ட் அதில் பட்டால் உருகித் தோலோடு ஒட்டும், பருத்தி அப்படி உருகாது. இடப்பக்கமே ஏறி இறங்கு. முடியைக் கழுத்தோரம் தாழ்வாகப் பின்னிக்கொள். உச்சியில் கொண்டையோ பல் க்ளிப்போ இருந்தால் ஹெல்மெட் முழுதாக இறங்காது.

செருப்பு ஒரே ஜோடி போதும்: பின்வார் உள்ள, ஒரே இழுப்பில் கழற்றுகிற ரப்பர் அடிச் செருப்பு. ஷூ வேண்டாம், கோயில் வாசலிலும் பெரிய வீட்டு முகப்பிலும் குனிந்து நாடா அவிழ்த்துக்கொண்டிருப்பாய். அடி ஒரு சென்டிமீட்டராவது தடிமனாக இருக்கட்டும். கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தினால் கருவேல முள் மெல்லிய செருப்பைத் துளைத்து ஏறும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைவதாக இருந்தால் வெளிர் நிறம் எதுவும் வேண்டாம். பித்தளைக் களிம்பும் மரத் தூசும் கையிலிருந்து உடுப்புக்கு வந்துவிடும்.

கறைகள். செம்மண் ஈரமாக இருக்கும்போது தேய்க்காதே, நூலுக்குள் இறங்கிவிடும். காயவிட்டு, பிரஷ்ஷால் தட்டி, பிறகு நனை. வெள்ளைத் துணியில் மிச்சமிருக்கும் பழுப்புக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வை, மண்ணில் உள்ள இரும்பை அந்தப் புளிப்பு கரைக்கும். ப்ளீச் ஊற்றினால் கறை இன்னும் அழுத்தமாக நின்றுவிடும். வண்ணத்துணியில் எலுமிச்சையும் வேண்டாம், சாயத்தை வெளுக்கும். பணியாரமோ சீயமோ மடியில் விழுந்து எண்ணெய் பட்டால், கடையிலேயே கொஞ்சம் அரிசி மாவு கேட்டு வாங்கி அதன்மேல் தூவிக் கால் மணி நேரம் விட்டுத் தட்டிவிடு. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவுகிற திரவத்தில் ஒரு சொட்டு. குழம்பின் மஞ்சள் கறை சோப்புப் போட்டதும் சிவந்து போகும், பயப்படாதே. சோப்பின் காரத்துக்கு மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். அலசிவிட்டு நேர்வெயிலில் போடு, இரண்டு மூன்று வெயிலில் மங்கிவிடும்.

கண்டாங்கி வாங்கப் போகும்போது உனக்குச் சரியாக உட்காருகிற பழைய குர்த்தி ஒன்றைக் கையோடு எடுத்துப் போ. டைலர் உடம்பை அளப்பதைவிட அதை அளப்பது மேல். பைக்கில் போகிறவள் என்று சொல்லி, அக்குள் சுற்றை மட்டும் அந்தப் பழையதைவிட ஒரு அங்குலம் கூட்டித் தைக்கச் சொல்.

அன்புடன்,
அக்கா